எதிர்வசனம் படிக்கிறவள்

சிங்கப்பூரிலிருந்து அன்னபாக்கியம் மாமி ஒரு சனிக்கிழமை காலையில் போன் செய்தார். யாரோ ஒரு நாடகக் கம்பெனிக்காரர் அவரைக் கூப்பிட்டு, ஈப்போ நடிகர்கள் பதினொரு பேர் உங்கள் வீட்டில்தான் தங்குவார்களாமே என்று விசாரித்திருக்கிறார்.

"என்ர வீட்டில எத்தனை கட்டில் கிடக்குதெண்டு உனக்குத் தெரியும்தானே, மாதுமை" என்றார் மாமி.

மாதுமை மன்னிப்புக் கேட்டுச் சமாளித்தாள். ஆனால் தன் நடிகர்களின் விவரங்களிலிருந்து அந்த விலாசத்தை எடுக்கவில்லை. நடிக்க ஆள் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, ஊரை. ஈப்போ என்று கண்டதும் வரப் போகச் செலவு, தங்கச் செலவு என்று நினைத்து அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அதே ஆளின் பெயருக்குக் கீழே 'சிங்கப்பூரில் தங்க இடம் உண்டு', 'சென்னையில் தங்க இடம் உண்டு' என்று இருந்தால் அங்கே தேடுகிறவர்களின் கண்ணில் அவனும் உள்ளூர்க்காரனாகப் பட்டுவிடுவான். இந்தச் சூட்சுமத்தை மாதுமை தானே கண்டுபிடித்தாள். சிங்கப்பூரில் மாமி வீடு, சென்னை வேளச்சேரியில் கல்லூரித் தோழி வீடு, பினாங்கில் ஒன்றுவிட்ட அண்ணன் வீடு என்று தன் சொந்தபந்தங்களின் கதவுகளையெல்லாம் கேட்காமலே திறந்து வைத்திருந்தாள்.

பகலில் அவளுக்கு ஈப்போவுக்குப் பக்கத்தில் காம்பாரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. மாலையில் இது. நடிகர்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பாள், விவரங்களைத் திருத்தி எழுதுவாள், நடிகர் தேடும் தளங்களில் ஏற்றுவாள், சோதனைக் காட்சியைப் போனில் பிடித்து அனுப்புவாள். தெலுக் இந்தானிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும்கூட ஆட்கள் வந்தார்கள். பட்டியலில் முப்பத்திரண்டு பேர் இருந்தார்கள். முதல் பெயர் அவள் கணவன் யுகேந்திரன். அவனுக்காகத்தான் இதை ஆரம்பித்தாள்.

யுகேந்திரன் ஜெலாப்பாங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பதினைந்து வருடங்களாக மேடையிலும், எப்போதாவது டிவி நாடகத்தில் இரண்டு காட்சியிலும் நடித்துக்கொண்டிருந்தான். சுங்கை சிப்புட் பக்கத்தில், இப்போது செம்பனை எண்ணெய்த் தோட்டமாகிவிட்ட ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். மாதுமையின் வீட்டார் யாழ்ப்பாணத்து வழி. அவளுடைய தாத்தா இன்னொரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். தொழிலாளிகளுக்குப் பெயர் போட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் ஆபீஸ்காரர். இதையெல்லாம் இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள் என்று சொல்லித்தான் அவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். மாதுமையின் அப்பா துரைசிங்கம் முதலில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அவருடைய வீட்டிலேயே எட்டு வருடம் ஒன்றாக இருந்த பிறகு, வருகிறவர்களிடமெல்லாம் ஒரே வார்த்தை சொல்லுவார்: "மருமகன் தங்கம். இந்த வீட்டில ஒரு சத்தம் கேட்டதில்லை."

மாதுமைக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

சென்னையில் ஒரு கம்பெனி மலேசியத் தோட்டத்துக் கதை ஒன்றைத் தொடராக எடுக்கப் போகிறது என்று செய்தி வந்திருந்தது. நாற்பது வயதுக்காரர் ஒருவர் தேவை, ரப்பர்ப் பால்மரம் சீவத் தெரிந்திருந்தால் நல்லது. யுகேந்திரன் சிறுவயதில் அம்மாவோடு மரம் சீவியவன். யாரோ ஒருவருடைய பழத்தோட்டத்துக்குப் பின்னால் மிச்சமிருந்த கிழட்டு மரத்தில் அவன் கத்தி ஓட்டுவதை மாதுமை வீடியோ எடுத்து அனுப்பினாள். இரண்டாம் நாளே பதில் வந்தது. நடித்துக்காட்ட ஒரு காட்சியும் வந்தது. தோட்டத்து வீட்டை விட்டு டவுனுக்குப் போய்விடலாம் என்கிறாள் மனைவி. முடியாது என்கிறான் கணவன். இரண்டு பக்கம், முழுக்கச் சண்டை.

இப்படிப்பட்ட காட்சியில் கணவன் மட்டும்தான் படத்தில் தெரிவான். மனைவியின் பேச்சை யாராவது போனுக்குப் பக்கத்தில் நின்று படிக்க வேண்டும். முப்பத்திரண்டு பேருக்கும் எதிர்வசனம் படிக்கிறவள் மாதுமைதான். யுகேந்திரனுக்கும் அவளே படித்தாள். மூன்று முறை எடுத்தார்கள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஒன்றும் நெஞ்சில் ஒட்டவும் இல்லை. யுகேந்திரன் சட்டை பட்டனைத் திருகிக்கொண்டே, பேச்சு தோட்டத்துப் பேச்சாக இருக்கிறதே, புஷ்பலதாவை ஒருமுறை படிக்கச் சொல்லிப் பார்க்கலாமா என்று கேட்டான். உங்களுக்குச் சரியென்றால்தான், என்று இரண்டு தரம் சொன்னான்.

புஷ்பலதா புந்தோங்கில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பட்டியலில் ஏழாவது பெயர். யுகேந்திரன் பிறந்த அதே தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில், அவன் வீட்டுக்கு அடுத்த வீடு. அவளுடைய கணவன் லாரி ஓட்டுகிறான், இரண்டு பிள்ளைகள். யுகேந்திரனை அவள் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். காட்சியைப் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அண்ணேன்னு கூப்புட்டு வளந்துட்டு இப்ப புருசனா நெனச்சுத் திட்டணுமா? ஆத்தாடி. சரி, திட்டுறதுதானே, அது நமக்கு வரும்லா."

வந்தது. மாதுமை போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் நான்கு வரி எழுதியிருந்தபடி போனது. பிறகு இருவரும் காகிதத்தை விட்டுவிட்டார்கள். டவுனுக்குப் போய் எந்த மாடியில் கோழி வளப்பே என்று அவன் கேட்டான். ஒன்னைய வளக்கிறதுக்குக் கோழி தேவலாம் என்றாள் அவள். யுகேந்திரன் சாப்பாட்டு மேசையை ஓங்கி அறைந்தான். தண்ணீர்க் கிளாஸ் குதித்து உருண்டது. அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணில் கோபமும் இருந்தது, இவளை விட்டால் எனக்கு யாரும் இல்லை என்கிற பயமும் இருந்தது. அந்த முகத்தை மாதுமை எட்டு வருடத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

காட்சி முடிந்ததும் இருவரும் சிரித்தார்கள். வாய் இன்னும் அப்படியே இருக்குடி ஒனக்கு என்றான் அவன். தோட்டத்தில் வேலை வாங்கிய, தங்களுக்கு மட்டும் தெரிந்த யாரோ ஒரு மண்டோரைப் பற்றிச் சொல்லி மறுபடி சிரித்தார்கள். மாதுமை குனிந்து தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தாள். உடனே யுகேந்திரன் ஓடி வந்து அவள் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டு, மன்னிச்சிருங்க, நான் துடைக்கிறேன் என்றான்.

அந்த இடத்தில்தான் அவளுக்குள் ஏதோ எரிந்தது.

அவன் புஷ்பலதாவைக் காதலிக்கிறான் என்று அவள் நினைக்கவில்லை. அப்படி நினைத்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும், கேட்டிருப்பாள், அழுதிருப்பாள். அவள் பொறாமைப்பட்டது அந்தச் சண்டைமேல். தன் வீட்டுக் கூடத்தில், தான் துடைக்கும் மேசையில், இன்னொருத்தியிடம் அவன் அப்படிக் கத்தினான். தன்னிடமோ ஃபேன் போடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் போடுகிறான். குழம்பில் உப்பில்லை என்றால் ஊறுகாயை எடுத்துக்கொள்வான், சொல்ல மாட்டான்.

எதை அனுப்ப என்று அன்று மாலை கேட்டாள்.

"நீங்க பார்த்து எது நல்லதோ அனுப்புங்க" என்றான் யுகேந்திரன்.

அவள் தன் குரல் இருந்ததை அனுப்பினாள். காரணம் தயாராக இருந்தது. புஷ்பலதாவின் குரல் போனுக்கு மிக அருகில் கேட்கிறது, அவன் பேச்சின்மேல் ஏறுகிறது. எதிர்வசனம் அடங்கி ஒலிக்க வேண்டும் என்பது விதி. முப்பத்திரண்டு பேருக்கும் அவள் சொல்லிக்கொடுத்த விதி. எல்லாம் உண்மை. உண்மையான காரணம் மட்டும் அதில் இல்லை.

புதன்கிழமை மதியம் கல்லூரிக் கார் நிறுத்துமிடத்தில் இருந்தபோது சென்னையிலிருந்து பவித்ரன் குரல் செய்தி அனுப்பியிருந்தான். அந்தக் கம்பெனிக்கு நடிகர்களைத் தேடிப் பிடிக்கிறவன் அவன்தான்.

"மேடம், சாரோட முகம், அந்த மரம் சீவுற வீடியோ, ரெண்டும் பிரமாதம். டைரக்டர் மூணு தடவ பார்த்தாரு. ஆனா சீன் சரியில்ல மேடம். இது புருஷன் பொண்டாட்டி சண்டை. சார் என்னவோ மேனேஜர் முன்னாடி நின்னு லீவு கேக்கிற மாதிரி பண்றாரு. எதிர்ல பேசுறவங்களப் பார்த்து பயப்படுறாரு. வேற டேக் இருந்தா இன்னிக்கு ஆறு மணிக்குள்ள போட்டுவிடுங்க. இல்லேன்னா வேற ஆளுக்குப் போயிடுவோம்."

மாதுமை அதை மூன்று முறை கேட்டாள். பிறகு காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு நான்காம் முறை கேட்டாள். பவித்ரனுக்கு அவள் யாரென்று தெரியாது. அவளுடைய தாத்தா யார், யுகேந்திரனுடைய தாத்தா யார் என்று தெரியாது. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, இரண்டு நிமிட வீடியோவில் அவள் வீட்டைப் பார்த்துவிட்டான். கிராணி முன்னால் பெயர் கொடுக்க நிற்கிறவனைப் பார்த்துவிட்டான்.

வேறு டேக் அவளுடைய போனிலேயே இருந்தது. அனுப்ப ஒரு நிமிடம் போதும். அவள் அனுப்பவில்லை. மூன்று மணிக்கு அனுப்பலாம் என்று நினைத்தாள். நாலரைக்கு வீட்டுக்குப் போய் அனுப்பலாம் என்று நினைத்தாள். அந்த வீடியோவைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் மேசையை அறைகிற சத்தம் வந்தது. அவளோடு சேர்ந்துதான் உனக்கு வேலை கிடைக்க வேண்டுமென்றால் கிடைக்க வேண்டாம். இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஐந்து ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, ஆறு. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

ஏழு மணிக்கு யுகேந்திரன் வேலை முடிந்து வந்தான். ஏதாவது செய்தி உண்டா என்று கேட்கவில்லை. கவிழ்ந்திருந்த போனை ஒருதரம் பார்த்தான், துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். கேட்டிருந்தால்கூடப் பொய் சொல்லித் தீர்த்திருப்பாள்.

குளியலறையில் தண்ணீரைப் பெரிதாகத் திறந்துவிட்டிருந்தான். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. மாதுமை கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அந்தச் சண்டைக் காட்சியை அவன் தனியாகப் பேசிக்கொண்டிருந்தான். டவுனுக்குப் போய் எந்த மாடியில் கோழி வளப்பே. முன்னறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த மாமனாருக்குக் கேட்கக்கூடாது என்றுதான் அந்தத் தண்ணீர்.

பக்கத்து மசூதியில் மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். மணி ஏழு இருபத்தைந்து. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பவித்ரன் சொன்ன ஆறு மணி சென்னை ஆறு மணி. அங்கே இப்போது ஐந்துகூட ஆகியிருக்காது. சென்னை நேரத்தோடு இரண்டரை மணியைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று தன் பட்டியலின் தலைப்பிலேயே அச்சடித்து வைத்திருப்பவள் அவள்.

நிம்மதி வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஒருமுறை கெட்டவளாக இருந்து முடித்தாயிற்று என்று நினைத்தால், இரண்டாம் முறையும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறதே. உள்ளே தண்ணீர் நின்றது. அவன் வெளியே வருவதற்குள் புஷ்பலதாவின் குரல் இருந்த வீடியோவை அனுப்பிவிட்டாள்.

பத்து நாள் கழித்து யுகேந்திரனுக்கு அந்த வேடம் கிடைத்தது. முப்பத்தெட்டு நாள் படப்பிடிப்பு. தொழிற்சாலையில் சம்பளமில்லாத விடுப்பு கொடுத்தார்கள். துரைசிங்கம் சங்கக் கூட்டத்துக்குப் புறப்படும்போது, மருமகன் சென்னைக்கு நடிக்கப் போகிற செய்தியை அங்கே யாரிடம் முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே செருப்பை மாட்டினார். புஷ்பலதா போனில் வாழ்த்துச் சொன்னாள். யுகேந்திரன் எல்லோரிடமும் ஒன்றையே சொன்னான், அவங்க இல்லேன்னா என்னைய யாரு கண்டுபிடிச்சிருப்பா. மாதுமையிடமும் வந்து அதையே, கையைக் கட்டிக்கொண்டு, நன்றி உரை மாதிரி சொன்னான்.

அந்த நன்றியை அவளால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. உட்காரச் சொன்னாள். எந்த டேக்கை முதலில் அனுப்பினாள், பவித்ரன் என்ன சொன்னான், ஆறு மணி வரை எப்படிச் சும்மா இருந்தாள், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

யுகேந்திரன் மேசைத் துணியை ஓரமாகத் தள்ளினான்.

"வேணும்னேவா?"

"வேணுமென்றுதான்."

"ஏன்?"

"அவளோட அப்படிச் சண்டை போட்டீங்க. என்னோட ஒருநாளும் போட்டதில்ல."

அவன் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவன் அதைத் தூக்கி நிறுத்தவில்லை.

"சண்டை போடலன்னு கோவமா? அதுக்கா என் பொழப்புல கைய வச்ச? பதினஞ்சு வருசம் நான் நாயா அலைஞ்சது ஒனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே செஞ்ச?"

மாதுமை இதற்காக ஏங்கியிருந்தாள். வந்ததும் அது இனிக்கவில்லை.

"எட்டு வருசமா இந்த வீட்டுல விருந்தாளி மாதிரி இருக்கேன். எங்க சத்தமாப் பேசிட்டா, ஒங்க ஆளுங்க 'பாத்தியா, தோட்டத்துப் புத்தி'ன்னு சொல்லிருவாங்களோன்னு வாயத் தச்சுக்கிட்டு இருக்கேன். நீ என்னடான்னா அவ மேல பொறாமப்படுற."

"யார் உங்களைத் தச்சுக்கச் சொன்னது? நான் சொன்னேனா?"

"நீ ஒன்னுஞ் சொல்லலை. அதான் பிரச்சனை. கல்யாணத்தன்னைக்கு ஒன் சித்தி எங்கம்மாவப் பந்தியில இருந்து எழுப்பி, கடைசிப் பந்திக்கு அனுப்புச்சே. பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

"பாத்துக்கிட்டு?"

"நீங்க கேப்பீங்கன்னு காத்திருந்தேன். நீங்க சிரிச்சிட்டு நின்னீங்க. எனக்கு அழுகையா வந்துது."

"நீ கேட்டிருக்கலாம்ல. ஒன் சித்திதானே."

எட்டு வருடமாக அவளும் தன்னைத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி அது. அந்த நேரம் பார்த்து வெளியே கேட் திறந்தது. துரைசிங்கம் வாசலில் வந்து நின்றார். கவிழ்ந்து கிடந்த நாற்காலியையும், மருமகனின் கழுத்தையும் பார்த்தார். யுகேந்திரனும் அவரைப் பார்த்தான். வழக்கமாக என்றால் அவன் குரல் அந்த இடத்திலேயே அடங்கிப்போயிருக்கும். மாதுமை அதைத்தான் எதிர்பார்த்தாள்.

"மாமா, கொஞ்சம் வெளியில இருங்க" என்றான் யுகேந்திரன். "நாங்க பேசிக்கிட்டு இருக்கோம்."

துரைசிங்கம் போர்ட்டிகோ நாற்காலியில் போய் உட்கார்ந்து, நேற்றைய பேப்பரை விரித்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் அவர் அங்கேயே இருந்தார். உள்ளே பழைய கணக்கெல்லாம் வந்தது. உப்பில்லாத குழம்பு, கேட்டுக் கேட்டுப் போட்ட ஃபேன், அவன் அம்மா இந்த வீட்டுக்கு வந்தால் அடுக்களையிலேயே நின்றுகொள்வது. மாதுமையும் விடவில்லை. தன்னிடம் சிரிக்காத சிரிப்பை வெளியில் சிரிக்கிறான் என்றாள். தான் ஒரு மனைவியா, மேலதிகாரியா என்று கேட்டாள். முடிவில் இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது.

"என் பேர ஒன் பட்டியல்ல இருந்து எடுத்துரு" என்றான் அவன். "இனி நானே பாத்துக்குறேன்."

அது அவள் எதிர்பார்க்காத அடி. ஆனாலும் மறுநாள் காலை அவனுடைய கணக்குகளின் கடவுச்சொற்களையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பெயரை எடுத்தாள். முதல் இடத்துக்குத் தெலுக் இந்தான் மகேந்திரன் ஏறினான். பட்டியலில் முப்பத்தொரு பேர்.

ஒரு வாரம் அவர்கள் தேவைக்கு மட்டும் பேசினார்கள். அன்னபாக்கியம் மாமியிடம் மாதுமை போனில் அழுதாள். துரைசிங்கம் மட்டும் வித்தியாசமாக நடந்துகொண்டார். ஒருநாள் பசியாறும்போது யுகேந்திரனிடம், தோசை கல்லு மாதிரிக் கிடக்கு, நீரும் ஒரு வார்த்தை சொல்லும் என்றார். யுகேந்திரன் தட்டைப் பார்த்துக்கொண்டே, ஆமாம் கல்லுதான் என்றான். மாதுமை மாவுக் கரண்டியை நங்கென்று வைத்தாள்.

புறப்படுகிற நாளில் அவள்தான் அவனை மேரு பஸ் நிலையத்துக்குக் காரில் கூட்டிவந்தாள். அங்கிருந்து விமான நிலையத்துக்கு நேர் பஸ். புஷ்பலதாவும் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனோடு வந்திருந்தாள். அவளும் யுகேந்திரனும் இரண்டே வரியில் பேச்சை முடித்துக்கொண்டார்கள். பத்திரமாப் போய்ட்டு வாண்ணே என்றாள், சரி பிள்ளைங்களப் பாத்துக்க என்றான். அந்த இரண்டு வரியிலும் இருந்த சுலபம் மாதுமைக்கு இன்னமும் உறுத்தியது.

பஸ் வந்து நின்றது. மாதுமை அவனுடைய பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்ததைச் சொன்னாள். அவன் தானே திருத்தி எழுதிய விவரத்தை அவள் தளத்தில் பார்த்திருந்தாள்.

"உயரம் அஞ்சு எட்டரை என்று யார் போடச் சொன்னது? நீங்க அஞ்சு ஆறு."

"அஞ்சு ஏழு."

"சப்பாத்துக் காலோட அஞ்சு ஏழு. அங்க போய் நின்னா அளக்க மாட்டாங்களா? மானம் போகும்."

"போனா என் மானந்தானே போகும். ஒனக்கென்ன? நான்தான் ஒன் பட்டியல்ல இல்லையே."

"பட்டியல்ல இல்லாட்டி? எனக்குப் புருஷன் இல்லையா?"

வரிசையில் நின்ற சீன மூதாட்டி ஒருவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். யுகேந்திரன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, அஞ்சு ஏழுன்னு மாத்திக்குறேன், அதுக்குக் கீழ ஒரு இன்ச்சும் கொறைக்க மாட்டேன் என்றான். உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் கண்ணாடிக்குப் பின்னால் அவன் வாய் அசைந்துகொண்டே இருந்தது. என்ன சொன்னான் என்று அவள் காதில் விழவில்லை. திட்டுகிறான் என்பது மட்டும் தெரிந்தது. அவளும் திருப்பித் திட்டினாள். பஸ் வளைவில் திரும்பும் வரை இருவரும் நிறுத்தவில்லை.

புஷ்பலதா பக்கத்தில் வந்து நின்று, வாங்கக்கா, ஒரு தே தாரிக் குடிச்சிட்டுப் போலாம் என்றாள்.

தனக்கு வேலை இருக்கிறது என்றாள் மாதுமை. வேலை ஒன்றும் இல்லை. இவளோடு உட்கார்ந்து டீ குடிக்கிற அளவுக்கு மனசு இன்னும் பெரிதாகவில்லை, அவ்வளவுதான். காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு கண்ணாடியை இறக்கி, அடுத்த ஞாயிறு உன் படங்களைப் புதிதாக எடுக்க வேண்டும், பழையதில் பல் தெரியவே இல்லை, பத்து மணிக்கு வந்துவிடு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.